அப்பா ஓட்டிய ஃபியட்டின் ஜன்னல் பீடிங்குகளுக்கு மெருகேற்றியது

மாசியில் ஆரம்பித்து ஆடி வரை இழுத்த வேலை இது. வண்டி 1969 மாடல் ஃபியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்தது. பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் அப்பா 31 வருடம் டிரைவராக இருந்தார். அந்த வீட்டு வண்டி. செட்டியார் காலமானபின் ஆச்சி சென்னைக்கு மகனிடம் போகிறபோது, "இத வேற யார்ட்டயும் குடுக்க மனசு வரல, நீயே வச்சுக்கப்பா" என்று சாவியை அப்பா கையில் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கொட்டகையில் 9 வருடம் நின்றது. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்ற பிறகுதான் அதன் மேல் கை வைக்க நேரம் கிடைத்தது.

என்ஜின், பிரேக் எல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொண்டார். டிங்கரிங், பெயின்ட் காரைக்குடியில் ஆனது. அவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பெயின்டுக்கு முன்னால் கண்ணாடியைச் சுற்றியுள்ள பளபளப் பட்டைகளை, அதாவது பீடிங்குகளை, எல்லாம் கழற்றிக் கொடுத்தார்கள். கழற்றி வைத்த குவியலைப் பார்த்து பெயின்டர், "இதெல்லாம் வேணாம் டீச்சர், குரோம் ஸ்டிக்கர் வருது, ஒட்டிரலாம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பா தினமும் காலையில் வண்டியைத் துடைப்பார். கடைசியாகத் துடைப்பது இந்தப் பீடிங்குகளைத்தான். பழைய வேட்டித் துண்டை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பு. அந்தப் பட்டை வண்டியில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

திண்ணையில் பரப்பிப் பார்த்தேன். முன் கண்ணாடி, பின் கண்ணாடி ரப்பருக்குள் செருகியிருந்த பட்டைகள். அவை சேரும் இடத்தை மறைக்கும் சின்னச் சின்ன மூடிகள். நான்கு கதவிலும் கண்ணாடிக்குக் கீழே ஓடும் பட்டைகள். முன் கதவுகளில் திருப்பித் திறக்கிற முக்கோண வென்டிலேட்டர் கண்ணாடியின் சட்டங்கள். அப்புறம் கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் பள்ளத்தின் மேல் கவ்விக்கொண்டிருந்த இரண்டு நீளப் பட்டைகள். இவை வண்டியோடு வந்தவை அல்ல, 1980களில் அப்பா மதுரையில் வாங்கி மாட்டியவை. எல்லாமே தூரத்தில் பார்த்தால் ஒரே மாதிரி மங்கல். கிட்டே வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டிருந்தது. ஒன்றில் கீறலும் ஒடுக்கும். ஒன்றில் வெள்ளைப் பூப்பு. ஒன்றில் பச்சை. மூடிகளில் குண்டூசி முனை அளவு பழுப்புப் புள்ளிகள்.

இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்னால், கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். எவர்சில்வருக்குச் செய்வதைக் குரோம் பூச்சுக்குச் செய்தால் பூச்சு போய்விடும். குரோமுக்குச் செய்வதை அலுமினியத்துக்குச் செய்தால் ஒரு வாரம் தேய்த்தாலும் ஒன்றும் நடக்காது. எனக்குச் சோதித்துப் பார்க்கவே நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாள்தான் மீதி ஐந்து மாதத்தைக் காப்பாற்றியது.

முதலில் காந்தம். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விதி, எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பது. கண்ணாடிப் பட்டையில் வைத்தேன், பட்டென்று ஒட்டியது. அப்படியானால் இரும்பின் மேல் குரோம் பூசியது என்று முடிவு கட்டி, பூச்சு போட யாரிடம் கொடுக்கலாம் என்று விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சார் ஒருவர் இருக்கிறார். மாலை நடைக்குப் போகிறவர் திண்ணையில் பரப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். காரைக்குடியில் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருப்பது இந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தோன்றியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம். துருவும் முலாமும் அங்கே ஆராய்ச்சி. எங்கள் ஊர்ப்பக்கம் திண்ணைப் பேச்சிலும் அது வந்துவிடும்.

சார் பட்டையைத் திருப்பி உட்புறத்தைக் காட்டினார். "இரும்பா இருந்தா பின்னாடி பூச்சு மெலிசா இருக்கும், 50 வருசத்துல துரு வராம இருக்குமா? ஒரு புள்ளி இருக்கா பாருங்க." இல்லை. அரத்தால் உட்புறத்தில் லேசாக உரசினார்; உள்ளேயும் அதே வெள்ளை. பிறகு விளக்கினார். சமையலறைப் பாத்திரத்தில் குரோமியத்தோடு நிக்கலும் கலந்திருக்கும், அந்த வகையில் காந்தம் ஒட்டுவதில்லை. நிக்கல் இல்லாமல் குரோமியம் மட்டும் கலந்த எவர்சில்வர் வகை ஒன்று உண்டு. கார் பீடிங்குகளுக்கு அதை நிறையப் பயன்படுத்துகிறார்கள், அதில் காந்தம் நன்றாக ஒட்டும். ஆகக் காந்தம் ஒட்டவில்லை என்றால் இரும்பில்லை என்று சொல்லலாம், ஒட்டினால் மட்டும் இரும்பு என்று சொல்லிவிட முடியாது. பின்புறத்தைப் பாருங்கள். விளிம்பைப் பாருங்கள். பூச்சு இருந்தால் விளிம்பில் எங்காவது உரிந்திருக்கும்.

கூரை ஓரப் பட்டைகள் கையில் எடுத்தாலே அலுமினியம் என்று தெரிந்தது, அவ்வளவு லேசு. ஆனால் வெறும் அலுமினியமா, ஆனோடைஸ் செய்ததா? இதற்கு எனக்கே ஒரு யோசனை வந்தது. மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் மேற்பரப்பில் மெதுவாக வைத்தேன். மின்சாரம் ஓடவில்லை. வெள்ளையாகப் பூத்து உரிந்த இடத்தில் வைத்தேன், ஓடியது. ஆனோடைஸ் பூச்சு என்பது அலுமினியம் ஆக்சைடு; மின்சாரம் கடத்தாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டது, என் வீட்டுத் திண்ணையில் ஒரு கார்ப் பட்டையில் நடந்ததைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

வென்டிலேட்டர் சட்டத்தில் காந்தம் ஒட்டவில்லை, கனமாக இருந்தது, குரோம் தேய்ந்த இடத்தில் மஞ்சளும் மூலையில் பச்சையும். பித்தளை மேல் குரோம். மூடிகள் இரும்பின் மேல் குரோம்.

சரி, எவர்சில்வரில் ஆரம்பித்தேன்.

தேய்ப்பதற்கு முன்னால் ஒடுக்கு எடுக்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கதவுப் பட்டையில் மூன்று ஒடுக்கு. முன் கண்ணாடிக் கீழ்ப் பட்டையில் நீளமாக ஒரு நெளிவு. தகடு அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், டிங்கரிங் சுத்தியலுக்குத் தாங்காது. காரைக்குடியில் பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுத்து, கோயில் விளக்குகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். அண்ணாச்சி மாதிரி இருந்த அந்தப் பெரியவர் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "அடிக்கக் கூடாது டீச்சர். அடிச்சா தகடு விரியும், விரிஞ்சா உப்பும். தள்ளணும்" என்றார். மாட்டுக்கொம்பு முனை மாதிரி வழவழப்பாக்கிய ஒரு மரத்துண்டை உட்புறத்தில் வைத்து, வெளிப்புறத்தைத் தோல் பையில் அடைத்த மணல் மேல் சாய்த்து, ஒடுக்கின் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தார். 10 நிமிடத்தில் ஒரு ஒடுக்கு மறைந்தது. மீதி இரண்டையும் என்னையே செய்யச் சொன்னார். இரண்டாவது சுமாராக வந்தது. மூன்றாவது நன்றாக வந்தது.

வீட்டுக்கு வந்து அடுத்த சிக்கல். பட்டை மெல்லியது, உட்புறம் குழிவு. மேசையில் வைத்துத் தேய்த்தால் நெளிகிறது. உள்ளே தாங்கல் வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய வீடு பிரிக்கிற இடமெல்லாம் பர்மா தேக்குத் துண்டு கிடைக்கும். உடைந்த நிலை ஒன்றின் துண்டை விலைக்கு வாங்கி, பட்டையின் உட்குழிவுக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி இழைத்து அரத்தால் உருட்டித் தரச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்தேன். நேர்ப் பட்டைக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்று. பட்டையை அதன் மேல் கவிழ்த்தால் கையுறை மாதிரி உட்கார்ந்தது. இந்த இரண்டு மரத்துண்டு இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது.

தேய்ப்பு. 320 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைசு) ஆரம்பித்து 400, 600, 800, 1000, 1500, 2000. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. 320ல் நீளவாக்கில் தேய்த்தால் 400ல் சாய்வாகத் தேய்க்க வேண்டும், 600ல் மறுபடி நீளவாக்கில். அப்போதுதான் முந்தைய தாளின் கீறல் குறுக்கே தெரியும். அது முழுதாக மறைந்தபின்தான் அடுத்த தாளுக்குப் போகலாம். முதல் பட்டையில் 320ன் கீறல் கொஞ்சம் இருக்கும்போதே பொறுமை இல்லாமல் 600க்குப் போனேன். 2000 வரை முடித்து பஃப் (சுழலும் துணி வீலில் மெருகு) போட்டபின், அந்த 320 கீறல் வெயிலில் முடி மாதிரி பளிச்சென்று தெரிந்தது. மறுபடி 400லிருந்து. ஒரு பட்டைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையவில்லை. முழங்கை வலிக்கு இரவில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன்.

தம்பி மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். "அத்தை, கிரைண்டர்ல போட்டா அஞ்சு நிமிசம்" என்றான். அவனுக்கு ஆச்சி வீட்டுச் சுவரைக் காட்டினேன். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி இருப்பதற்கு, சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே சாந்தைப் பூசிவிட்டு விட்டால் சுவர் மங்கலாகத்தான் இருக்கும்; ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்ததில் வந்தது அந்தப் பளபளப்பு. அவன் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். அப்புறம் 600 நம்பர் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பின் கண்ணாடிப் பட்டைகள் முழுக்க அவன் கைவேலை.

ஒன்றை மறக்க வேண்டாம். எவர்சில்வரில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போடக் கூடாது. அதன் துகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு பிறகு துருப்பிடிக்கும். எவர்சில்வரே துருப்பிடித்த மாதிரி தெரியும். இரும்பைத் தேய்த்த தாளையும் இதில் பயன்படுத்தக் கூடாது.

கடைசி மெருகு பட்டறையில்தான். வீட்டில் இருந்த சின்ன கிரைண்டரில் முயன்றேன். பட்டை நீளம், அதற்கு இடம் போதவில்லை. பெரியவரிடம் 6 அங்குல வீல் இரண்டு பக்கமும் மாட்டிய மோட்டார். முதலில் நார் வீலில் கறுப்பு சோப்பு, பிறகு துணி வீலில் பச்சை சோப்பு. சோப்பு என்று பட்டறையில் சொல்வது மெருகுப் பொடியை மெழுகில் கலந்து கட்டியாக்கியது. பச்சையில் இருப்பது குரோமியம் ஆக்சைடு, எவர்சில்வருக்கு அதுதான் பொருத்தம்.

இந்த இடத்தில் கவனம் மிக முக்கியம், உயிர் விஷயம். வீல் நம்மை நோக்கிக் கீழே சுற்றி வரும். பட்டையை வீலின் நடுவுக்குக் கீழே, விளிம்பு கீழ்நோக்கி இருக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். மேல் விளிம்பு வீலுக்கு எதிரே மாட்டினால் வீல் பட்டையைப் பிடுங்கிச் சுழற்றி அடிக்கும், கை போய்விடும். பெரியவரின் இடது கட்டைவிரலில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது, அதைக் காட்டித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பாதி வரை ஒரு புறம், பட்டையைத் திருப்பிப் பிடித்து மறுபாதி. தேக்குத் தாங்கலோடு சேர்த்தே பிடித்தோம். எவர்சில்வர் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கேயே சூடேறி நிறம் மாறும், நெளியும். நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். புடவைத் தலைப்பை இறுகச் செருகிக்கொண்டேன், வளையலைக் கழற்றிவிட்டேன், கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

முதல் பட்டையைச் சுண்ணாம்புப் பொடி போட்டு மென்துணியால் துடைத்து அவர் நீட்டியபோது அதில் பட்டறைக் கூரையின் ஓடுகளை எண்ண முடிந்தது.

அடுத்தது அலுமினியம். இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன், ஒரு தவறும் செய்தேன்.

ஆனோடைஸ் பூச்சைத் தாளால் தேய்த்து எடுப்பது வீண்வேலை. பூச்சு அவ்வளவு கடினம். கல்லால் கல்லைத் தேய்ப்பது போல. கரைத்துத்தான் எடுக்க வேண்டும். அலுமினியம் ஈரியல்பு கொண்டது, அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அதன் ஆக்சைடும் அப்படியே. அதனால் காஸ்டிக் சோடா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கணக்கு. தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது. ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கை, காலில் செருப்பு போதாது, ஷூ. பக்கத்தில் இரண்டு குடம் நல்ல தண்ணீர். இதற்குக் குறைவாக யாரும் செய்ய வேண்டாம். காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

பட்டையை முக்குவதற்குப் பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து தொட்டி செய்தேன். கூரையின் வளைவுக்கு ஏற்றபடி பட்டை வில் மாதிரி வளைந்திருந்ததால் நடுப்பகுதி மட்டும் முங்கியது, இரண்டு முனையும் வெளியே. குழாய்க் காசு போனது. இரண்டு நாள் யோசித்து, கொல்லையில் கிடந்த மணல் குவியலைப் பரப்பி, பட்டையின் வளைவுக்கே ஒரு வாய்க்கால் வகுந்து, அதன் மேல் கனமான பாலிதீன் தாளை இரண்டு மடிப்பாக விரித்தேன். 5 லிட்டர் கரைசலிலேயே முழுப் பட்டையும் முங்கிப் படுத்துக்கொண்டது. வளைந்த பொருள் வைத்திருப்பவர்கள் தயங்காமல் இப்படிச் செய்யலாம்.

போட்ட கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பூச்சு கரையும் நேரம் அது. கரைந்து உலோகம் வெளிப்பட்டதும் குமிழி கிளம்பும், அது ஹைட்ரஜன். திறந்தவெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. குமிழி பட்டை முழுக்கச் சீராக வந்ததும் எடுத்துவிட வேண்டும். முதல் பட்டை 4 நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது பட்டையைப் போட்டபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது 12 நிமிடம். கரைசல் சூடாகிப் பொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. நல்லவேளை, தகடு கனமானது. 220லிருந்து தேய்த்து மீட்டேன். ஆனால் அதன் ஓரக்கோடுகள் முதல் பட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் மழுங்கல். தெரிந்தவர் கண்ணுக்குத் தெரியும். காஸ்டிக்கில் பட்டை கிடக்கும்போது அந்த இடத்தை விட்டு நகரவே கூடாது.

எடுத்ததும் பட்டை கறுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். கலப்பு உலோகத்தில் கரையாமல் நிற்கும் பொருள்களின் படிவு அது, துணியால் துடைத்தால் வந்துவிடும். தண்ணீரில் நன்றாக அலசி, வினிகர் தடவி, மறுபடி அலச வேண்டும். மிச்சக் கரைசலில் வினிகரை ஊற்றி, லிட்மஸ் தாளில் காரம் காட்டாத வரை சமன்செய்து, நிறையத் தண்ணீர் கலந்தபின்தான் அப்புறப்படுத்தினேன். எங்கள் கொல்லையில் கிணறு இருக்கிறது.

இந்தப் பட்டைகளில் குழிகள் ஒரே சீரான இடைவெளியில் இருந்தன. ஒரு சாண், ஒரு குழி. ஒரு சாண், ஒரு குழி. ஏன் என்று புரியாமல் வண்டியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குழிக்கும் நேர் கீழே ஓர் இரும்பு கிளிப். சிக்ரி சாரிடம் சொன்னதும் சிரித்துக்கொண்டே, "இரண்டு வேறு உலோகம், நடுவுல ஈரம். நீங்கதான வோல்டா கலம் நடத்துவீங்க?" என்றார். அதேதான். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு இருக்க, நடுவில் உப்பு ஈரம் தேங்கினால் அது ஒரு மின்கலம். அதில் கரைவது அலுமினியம். அப்பா அந்த வீட்டுக்காரர்களை ராமேஸ்வரத்துக்கும் திருச்செந்தூருக்கும் வருடம் தவறாமல் அழைத்துப் போவார். கடற்கரைக் காற்றின் உப்பு அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. மேலே எவ்வளவு துடைத்தாலும் கிளிப்புக்கு அடியில் துணி போகாது.

அதனால் மாட்டும்போது ஒவ்வொரு கிளிப்பையும் துரு எடுத்து, பிரைமரும் பெயின்டும் இரண்டு கை அடித்து, கிளிப்புக்கும் பட்டைக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்தேன். பழைய குழிகளில் ஆழமானவை அப்படியே இருக்கின்றன. தேய்த்துச் சமன்செய்யப் போனால் தகடு மெலிந்துவிடும், விட்டுவிட்டேன்.

அலுமினியம் மென்மை. 400ல் ஆரம்பித்து 2000 வரை, பிறகு தனித் துணி வீல். எவர்சில்வருக்குப் பயன்படுத்திய வீலையும் சோப்பையும் இதற்குப் போடக் கூடாது, அதன் துகள் அலுமினியத்தில் பதிந்துவிடும். பெரியவர் இதற்கென்று புது வீல் மாட்டினார். மெருகு வந்த பிறகு மேலே கிளியர் கோட் அடிக்கலாமா என்று பலர் கேட்டார்கள். அடிக்கவில்லை. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அது ஓரத்தில் உரிந்தால் மறுபடி முழுவதையும் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். மறுபடி ஆனோடைஸ் செய்ய கந்தக அமிலத் தொட்டியும் நேர்மின்சாரமும் வேண்டும். அதை வீட்டில் செய்ய எனக்குத் துணிவில்லை. கார்னுபா மெழுகு தடவித் துடைத்து வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தடவ வேண்டும்.

குரோம் விஷயத்துக்கு வருகிறேன். அலங்காரக் குரோம் பூச்சின் கனம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. நம் தலைமுடி 50 மைக்ரானுக்கு மேல். பளபளப்புக்கு அடியில் இருப்பது நிக்கல். குரோம் அதற்கு மேல் ஒரு ஆடை. இதன் மேல் வாட்டர் பேப்பர் போட்டால் சில நிமிடத்தில் மஞ்சள் கலந்த நிக்கல் தெரிய ஆரம்பிக்கும், அதற்கு மேல் திரும்ப வழியில்லை. மூடிகளில் இருந்த துருப்புள்ளிகளுக்குச் சமையலறை அலுமினியத் தாளைச் சுருட்டி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். அலுமினியம் குரோமைவிட மென்மை என்பதால் பூச்சில் கீறல் விழாது, துரு மட்டும் வந்துவிடுகிறது. ஆறு மூடியில் ஐந்து பிழைத்தன. ஒன்று, அடியில் முழுக்க அரித்திருந்தது, தேய்க்கும்போதே கையில் உதிர்ந்தது.

வென்டிலேட்டர் சட்டங்களில் இடது பக்கத்துச் சட்டத்தை முதலில் வெளியூரில் ஒரு முலாம் பட்டறையில் கொடுத்தேன். பழைய பூச்சை எடுத்து, செம்பு, நிக்கல், குரோம் என்று வரிசையாகப் பூசித் தந்தார்கள். தூரத்தில் பார்த்தால் புதுசு. ஆனால் பூசுவதற்கு முன் பஃப் வீலில் வைத்து அழுத்தித் தேய்த்ததில், கண்ணாடி உட்காரும் உதடு ஒரு பக்கம் மெலிந்து, சட்டத்தின் கூரான மூலை உருண்டையாகிவிட்டது. கண்ணாடியை மாட்டினால் ஆடுகிறது. ரப்பரைத் தடிமனாக வைத்துச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. மூலையைத் தொடாதீர்கள் என்று நான் எழுதியே கொடுத்திருந்தேன். பூச்சு போடக் கொடுப்பவர்கள், தேய்ப்பது யார் என்று கேட்டு அவரிடம் நேராகப் பேசிவிட்டுக் கொடுங்கள். பூச்சு இயந்திரத்தில் நடப்பது. உருவம் கெடுவது அதற்கு முன்னால் கையில்.

வலது சட்டத்தைக் கொடுக்கவில்லை. அப்பா வண்டி ஓட்டும்போது காற்றைத் திருப்பிவிட அந்தச் சட்டத்தின் கீழ் முனையை விரலால் தள்ளுவார். அந்த இடத்தில் குரோமும் நிக்கலும் தேய்ந்து, கட்டைவிரல் அகலத்துக்குப் பித்தளை மஞ்சளாக வழவழவென்று தெரிகிறது. மூலையில் இருந்த பச்சையைப் புளி நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மட்டும் தொட்டு எடுத்து, உடனே கழுவி, மெழுகு தடவினேன். அவ்வளவுதான் செய்தேன்.

கண்ணாடி ரப்பர் புதிதாகச் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. பட்டையை ரப்பருக்குள் செருகுவது உச்சி வெயிலில் செய்ய வேண்டிய வேலை. ரப்பர் அப்போதுதான் இளகும். சோப்புத் தண்ணீர் தடவி, ரப்பரின் உதட்டை மழுங்கிய மர உளியால் விரித்துக்கொண்டே, தம்பி மகன் பின்னால் தள்ள, ஒரு பட்டைக்கு ஒரு மணி நேரம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ரப்பரும் கிழியும், இவ்வளவு தேய்த்த பட்டையிலும் கீறல் விழும். முன் கண்ணாடி மேல் பட்டையை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போனோம்; ஓரத்திலிருந்து தொடங்கிய கீழ்ப் பட்டை கடைசியில் ஒரு விரல் நீளம் மிஞ்சி நின்றது, கழற்றி மறுபடி போட வேண்டியதாயிற்று.

முடிந்ததும் மொட்டை மாடியிலிருந்து ஓஸ் பிடித்து 20 நிமிடம் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். முன் கண்ணாடி இடது கீழ்மூலையில் ஒரு சொட்டு உள்ளே இறங்கியது. ரப்பருக்கும் பாடிக்கும் நடுவில் சீலன்ட் வைத்து அடுத்த நாள் மறுபடி விட்டோம். இறங்கவில்லை. அந்த வாரமே பிள்ளையார்பட்டி வரை ஓட்டிப் போய் வந்தோம். ஆச்சிக்குப் போட்டோ அனுப்பினேன். போனில் பேசியபோது, "கண்ணாடிக்குக் கீழ இருக்க பட்டைய உங்கப்பா தொடைக்கிறப்ப கீச்சுன்னு ஒரு சத்தம் வரும்ல, இப்பவும் வருதா?" என்று கேட்டார்கள். உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன். வருகிறது.

உதிர்ந்துபோன அந்த ஒரு மூடிக்கு மட்டும் இன்னும் மாற்று கிடைக்கவில்லை. பின் கண்ணாடி மேல் நடுவில் இரண்டு பட்டை சேரும் இடம் திறந்தே இருக்கிறது. மற்ற மூடி ஒன்றை மாதிரிக்கு வைத்துக்கொண்டு பித்தளைத் தகட்டில் அடித்துத் தர முடியும் என்று பட்டறைப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அளவு கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.